அவள் பாதித் தரை

தரை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், ஓய்வு பெற்ற நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேனேஜர் சார் சொல்லி அனுப்பினார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் கடைசியில் உட்கார்ந்து, சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு ரசத்தோடு எழுந்து வருகிறவள் நான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதினது. அதற்குத் தக்கபடி படித்துக்கொள்ளுங்கள்.

எந்த வாளியில் எவ்வளவு மருந்து கலப்பது, துணியை எப்படிப் பிழிவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் எழுதப் போவது என்னோடு வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றி. அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவளுக்கு ஒரு பெருமையாகிவிடும். ஊர் பேரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதால் ஷெட்டில் எல்லோரும் அவளை வலங்கைமான் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நம் ஷெட்டில் வயல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிறோம். பாலியஸ்டர் சேலையைக் கழற்றும்போது சடசடவென்று ஒரு சத்தம் வருமே, அது நமக்கு ஒன்றும் செய்யாது. போர்டில் இருக்கிற எள்ளளவு பொருளுக்கு அது இடி. அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது, இங்கேயே தெரிந்துவிடும். பல சமயம் காயத்தோடு பிழைத்துவிடும். இங்கே விளக்கு எரியும், சோதனையில் பாஸாகும். அப்புறம் யாரோ ஒருவர் வயலில், தண்ணீர் வேண்டிய நேரத்தில் உயிரை விடும். அதனால்தான் நம் ஷெட்டுக்கு இந்தக் கறுப்பு நரம்பு ஓடுகிற டைல். நடக்கிறவர் உடம்பில் சேர்கிற மின்சாரம் கம்பெனி கொடுக்கிற செருப்பு வழியாக டைலுக்கு வந்து, டைலுக்கு அடியில் ஒட்டியிருக்கிற செம்புப் பட்டை வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும்.

அந்தத் தரை ஆரம்பத்தில் என் கையில்தான் இருந்தது. அப்போது ஷெட் இப்போது இருப்பதில் பாதிதான். நான் ஒருத்தியே துடைத்தேன். பிறகு ஆர்டர் கூடியது, பக்கத்திலேயே இன்னொரு பாதி கட்டினார்கள். வேலைக்கு ஆள் கூடும், தரைக்கென்று ஒருத்தரைப் பொறுப்பாகப் போடப் போகிறேன், பொங்கலுக்குள் யார் என்று சொல்கிறேன் என்றார் மேனேஜர் சார். பொறுப்பு என்றால் நீலக் கோட்டு உண்டு. தரையைச் சோதிக்கிற மீட்டர் பெட்டி உண்டு. யாரும் எதைச் சிந்தினாலும் ஓடிவந்து அவரைத்தான் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. அந்தக் கோட்டு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யார் இருந்தார்கள்?

சித்திரையில் அவள் வந்து சேர்ந்தாள்.

அவள் வந்த வாரம்தான் புதுப் பாதிக்குத் தரை போடுகிற கம்பெனிக்காரர் சாம்பிள் டைல்களோடு வந்தார். பெயின்ட் மாதிரி ஊற்றுகிற தரையா, ஒட்டுகிற டைலா என்று பேச்சு நடந்தது. டைல் என்றால் ஒன்று கெட்டால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம் என்று டைலே முடிவாயிற்று. அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, சிமெண்டுத் தளத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டிவைத்தார். மறுநாள் தாளைத் தூக்கினால் அடியில் பொட்டு ஈரம் இல்லை. "காஞ்சு கிடக்கு சார், ஒட்டிரலாமா?" என்றார் மேனேஜர் சாரிடம்.

நான் ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றேன். எனக்குத் தெரியும், அது சித்திரை வெயிலில் காய்ந்த காய்ச்சல். வயலை மேடுபண்ணித்தான் இந்த ஷெட்டைக் கட்டியிருக்கிறது. மூன்று பக்கமும் இன்னும் வயல்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்து சுற்றிலும் நடவு வயல் நிறைந்தால் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையே வேர்க்கும். ஈரம் கீழேயிருந்து ஏறினால் பசை விட்டுப்போகும், டைல் அப்பளம் மாதிரி எழும்பும். இதைச் சொல்ல வேண்டும். 'சார்' என்று ஆரம்பிப்பதா, 'ஒரு சேதிங்க' என்று ஆரம்பிப்பதா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்து ஒரு வாரம் ஆகாதவள், மாப்புக் கம்பில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "சித்திரையில நாத்தங்காலே வெடிச்சு கிடக்குது, இந்தத் தளம் காயாம என்ன பண்ணும் சார்? மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வரட்டும், அப்ப ஒரு வாட்டி தாளை ஒட்டிப் பாருங்களேன்."

கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. "சுத்தி வயலா? நல்லவேளை சொன்னீங்கம்மா. இருந்து பாத்துட்டே போடுவோம்" என்றார். மேனேஜர் சார் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர். "எங்க வீட்ல ஆடி வந்தா அரிசி மூட்டையைத் தரையில வைக்க விடமாட்டாங்க எங்கம்மா. எனக்குத் தோணலை பாரு" என்று சிரித்தார்.

தண்ணீர் வந்தபின் தாளை ஒட்டிப் பார்த்தார்கள். அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஈரம் தடுக்கிற பூச்சு ஒன்று போட்டு, அது இறுகிய பிறகுதான் டைல் ஒட்டினார்கள். இன்றுவரை ஒரு டைல் எழும்பவில்லை. எல்லோரும் அவளை மெச்சினார்கள். அவள் சொன்னது என் தொண்டையில் இருந்த வார்த்தை. அதை எடுத்து அவள் தன் வாயால் சொல்லிவிட்டாள். அவளைத் திருடி என்று சொல்ல முடியாது, அவளுக்கும் அது தெரிந்ததுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் பாதி அவள் கைக்குப் போயிற்று. பழைய பாதி, கீறலும் மங்கலுமாக, என்னிடம்.

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வயிற்றில் ஓர் அடுப்பு, அணையவே அணையாது. என்னிடம் மேனேஜர் சார் மரியாதையாக "வாங்கம்மா, நல்லாருக்கீங்களா?" என்பார். அவளிடம் "என்ன வலங்கைமான், உன் தரை என்ன சொல்லுது?" என்பார். மரியாதை யாருக்கு வேண்டும்? சென்னையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால் புதுப் பாதியில் நின்று பேசுவார்கள். என் பாதியைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும், தாண்டிப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அக்கா, இங்க வாங்க, ஒரு வாய் வத்தக்குழம்பு" என்று அவள் என்னையும் கூப்பிடுவாள். "எனக்கு வேணாம்மா, வயிறு சரியில்ல" என்பேன். வாசனை மூக்கைத் துளைக்கும். குழம்பும் அவளுக்கு நன்றாக வந்தது.

அவள் எங்காவது தப்புச் செய்வாள் என்று காத்திருந்தேன். தரை வேலையில் பெரிய தப்பு ஒன்று உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பளபளப்புக்காக மெழுகு பாலிஷ் போடுவது. போட்டால் தரை கண்ணாடி மாதிரி இருக்கும், பார்க்கிறவர் மெச்சுவார். ஆனால் மெழுகுக்கு அடியில் டைல் மூச்சு முட்டிக் கிடக்கும், மின்சாரம் இறங்காது. சோப்பு நுரையை நன்றாக அலசாமல் விட்டாலும் அதேதான். அவள் தரை பளிச்சென்று இருந்தது. இவள் போடாமலா இருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் வாளியைப் பார்த்தேன். அவள் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துணியை எத்தனை தரம் அலசுகிறாள், தண்ணீரை எப்போது மாற்றுகிறாள், எல்லாம் பார்த்தேன். கலங்கின தண்ணீரில் அவள் ஒருநாளும் இரண்டாவது இழுப்பு இழுத்ததில்லை. நாற்காலிச் சக்கரத்தில் சுற்றியிருக்கிற முடியைக் குந்தி உட்கார்ந்து பிடுங்குவாள். மீட்டர் வைக்கும்போது சுத்தமாக இருக்கிற மூலையில் வைக்க மாட்டாள், ஆள் நடந்து நடந்து தேய்ந்த இடத்தில்தான் வைப்பாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களுக்கு இப்போது புரியாது. பார்த்துப் பார்த்து என் கையும் தானாக அப்படியே செய்யத் தொடங்கிற்று. சக்கரத்து முடியை நான் பிடுங்குவதை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் கவனிக்கவே இல்லை, நான் எப்போதும் பேசாதவள்தானே.

மார்கழியில்தான் அந்தச் சிக்கல் வந்தது. கதிரில் பால் ஏறுகிற நேரம். எங்கள் போர்டை வாங்குகிற ஸ்டார்ட்டர் கம்பெனியிலிருந்து போன்மேல் போன். வயலில் மோட்டார் நின்று போகிறது, திறந்து பார்த்தால் உங்கள் போர்டுதான் செத்துக் கிடக்கிறது என்றார்கள். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் புதுப் பாதி மேசைகளில் செய்தவை. என் பாதியில் செய்தது ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஆட்களை அனுப்புகிறோம், காரணம் சொல்லாவிட்டால் ஆர்டர் நின்றுவிடும் என்றார்கள். ஆர்டர் நின்றால் ஷெட்டில் பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேசையைப் பார்த்தார்கள், உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் மின்சாரம் இறங்கக் கையில் கட்டுகிற பட்டையைப் பார்த்தார்கள், சரியாக இருந்தன. மிச்சம் தரை. தரையைச் சோதிக்கிற மீட்டரோ, சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருந்தது. தரையோ பளபளக்கிறது. எல்லோர் பார்வையும் அவள்மேல் விழுந்தது.

மத்தியானம் மேனேஜர் சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நெஜத்த சொல்லு வலங்கைமான். ஆயுத பூஜைக்கு நல்லாருக்கட்டும்னு பாலிஷ் போட்டியா?"

"இல்ல சார்."

"சாயங்காலம் அவங்களுக்கு நான் பதில் சொல்லணும். தரையில கோளாறு, ஆளை மாத்திட்டோம்னு சொன்னா இப்போதைக்கு நிக்கும். நீ போடலன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?"

எப்போதும் ஷெட் அதிரப் பேசுகிறவளுக்கு அன்றைக்கு வாயில்லை. குத்தகை நிலம் கைவிட்டுப் போய், புருஷனும் படுத்துவிட்டபிறகு இந்தச் சம்பளத்தை நம்பி வந்தவள் அவள். சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

மேனேஜர் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பழைய ஆளு. இனிமே ரெண்டு பாதியும் நீங்கதான் பாக்கணும் போல. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?"

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும்போல வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், அந்தம்மா கூச்ச சுபாவம் என்பார்கள். நீலக் கோட்டு அந்த அறையிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேலையை அவள் அளவுக்கு அறிந்த இன்னோர் ஆள் அந்த ஷெட்டில் நான்தான். அவள் துடைத்த ஒவ்வொரு டைலும் எனக்குத் தெரியும். அத்தனை நாள் எரிந்து எரிந்து பார்த்தது அது. அதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். என் கண் பார்த்ததை இன்னொருவர் மாற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"போடல சார்" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பாத்தேன்."

"எப்ப?"

"தெனமும்."

"தெனமும்னா?"

"அவ வந்ததுலேர்ந்து சார். அவ வாளி, துணி, பாட்டிலு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எங்கியாச்சும் தப்புப் பண்ணுவாளான்னு பாத்தேன். பண்ணல."

என் வாழ்க்கையில் ஓர் ஆபீசர் முன்னால் நான் பேசிய நீளமான பேச்சு அது. காது இரண்டும் கொதித்தது. மேனேஜர் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி அக்கா!" என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல என் மாமியாகூட என்னை இப்படிப் பாத்ததில்லையே!"

மேனேஜர் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மட்டும் எங்காவது ஓடிப்போகலாம் போலிருந்தது.

"சரி, தரையில தப்பில்லன்னே வச்சுக்குவோம்" என்றார் சார். "அப்ப எதுலதான் தப்பு? நீங்கதான் தெனமும் பாத்தீங்களே, சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவள் கையைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கவில்லை.

அவள்தான் சொன்னாள். "தரை சரியா இருந்து இப்படி ஆவுதுன்னா, அதுமேல நடக்கறவங்களைத்தான் பாக்கணும் சார்." சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

புதுப் பாதியில் போர்டுத் தட்டை மேசைக்கு மேசை தூக்கிப் போகிற பெண்களுக்குக் கையில் பட்டை கட்ட முடியாது. நடக்கிறவர்களுக்குச் செருப்பும் தரையும்தான் காவல். தட்டோடு எதிரே நாகூர்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள், நம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். வலங்கைமான் அவளை நிறுத்தினாள்.

"செருப்பு எங்கடி?"

"அங்க இருக்குக்கா."

சுவரோரமாகச் செருப்புகள் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன. சுவரில் சரஸ்வதி படம், பூவோடு. ஆயுத பூஜைக்கு மாட்டியது. எடுக்க மனம் வராமல் அப்படியே இருந்தது.

"சாமி முன்னாடி எப்படிக்கா செருப்புப் போட்டுக்கிட்டுக் குறுக்கையும் நெடுக்கையும் போறது? எல்லாரும்தான் கழட்டிட்டுப் போறாங்க. நான் மட்டும் போட்டுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"கால்ல என்னது?"

"சாக்ஸு. ஏசி ஜில்லுங்குது. அண்ணன் துபாயிலேர்ந்து வாங்கியாந்தது, எல்லாருக்கும் ஒரு ஜோடி குடுத்தேன்." காலைத் தூக்கிக் காட்டினாள். ரோஸ் கலரில், பூனைக்குட்டி மாதிரி புசுபுசுவென்று.

காலையில் வாசலில் செருப்போடு சோதனை முடித்துத்தான் எல்லோரும் உள்ளே வந்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும் பக்தியாகக் கழற்றி வைத்துவிட்டு, நாள் முழுக்க அந்தப் புசுபுசுச் சாக்ஸால் தரையைத் தேய்த்து, சேர்ந்ததையெல்லாம் போர்டில் இறக்கியிருக்கிறார்கள். யாரையும் திட்டவும் வழியில்லை. படத்தை மாட்டியது மேனேஜர் சார்தான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அம்மாவை வாசல்ல மாட்டிருவோம் சார்" என்றாள் வலங்கைமான். "எல்லார் காலையும் பாத்து உள்ள அனுப்பட்டும்." அவளே ஸ்டூல் போட்டு ஏறினாள், படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறக்கினாள்.

ஸ்டார்ட்டர் கம்பெனி ஆட்கள் வருவதற்குள் மீட்டரும் வந்துவிட்டது. தரையில் வைத்தால் சரியாகக் காட்டியது. சாக்ஸோடு பெண்ணை நிறுத்தி அளந்தால் கோளாறு, செருப்போடு நிறுத்தினால் சரி. வந்தவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு, கெட்ட போர்டுகளை மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். ஆர்டர் நிற்கவில்லை. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

பொங்கலுக்கு முன்னால் தரைப் பொறுப்பு யாருக்கு என்று மேனேஜர் சார் சொன்னார். அவளுக்குத்தான். வேறு யாருக்கு? தரைக்கு மேலேயும் பார்க்கத் தெரிந்தவள் அவள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். "நீங்க அன்னிக்கு வாயத் தொறந்ததாலதாம்மா அவ இங்க இருக்கா" என்று சார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "சரிங்க சார்" என்றேன். ஆயுசில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன், அதன் லாபமும் அவளுக்கே போயிற்று. வயிற்று அடுப்பில் இன்னும் இரண்டு விறகு விழுந்தது.

நீலக் கோட்டோடு அவள் என்னிடம் வந்து நின்றாள். அது அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, நாளையிலேர்ந்து என் பாதிய நீங்க பாத்துக்குங்க. உங்க பாதிய நான் எடுத்துக்கறேன்."

"ஏன், நான் சரியாப் பாக்கலயா?"

"ஐய, அதுக்கில்ல. புதுத் தரை. பாத்துக்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்துன ஆளு வேணும். உங்களவிட்டா யாரு?"

கேலியா, மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

இவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. உங்களுக்குள்ளும் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்திக்கு வயிறு எரியும். எரியாது என்று சொல்கிறவளை நம்பாதீர்கள். எரிகிற கண் நன்றாகப் பார்க்கும். ஆனால் ஒரே இடத்தைத்தான் பார்க்கும், பக்கத்தில் நடந்துபோகிற காலைப் பார்க்காது. அதை மட்டும் மனதில் வையுங்கள். கேட்கிற இடத்தில் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் எரிச்சல் தணியும் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். எனக்குத் தணியவில்லை.

ஏனென்றால், புதுப் பாதி என் கைக்கு வந்தது, நானும் உயிரைக் கொடுத்துத்தான் பார்த்தேன். மீட்டர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அடுத்த மாதமே நிமிர்ந்து பார்க்கிறேன், பழைய பாதி, அந்தக் கீறல் விழுந்த மங்கல் டைல், நான் இத்தனை காலம் துடைத்த அதே தரை, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதே மருந்து, அதே துணி. அவள் என்ன செய்தாள் என்று நான் ஓய்வு பெறும்வரை பார்த்தேன், பிடிபடவில்லை.

எழுதித் தருகிறேன் என்று சாரிடம் சொல்ல வந்தபோதுகூடக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவளுக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் குறை தேடினேன். அவள் குந்தி உட்கார்ந்து, நாற்காலியைச் சாய்த்து, சக்கரத்தில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. முழங்கால் இன்னும் மடங்குகிறது. எனக்கு இப்போது மடங்காது.